சும்மா கொடுத்த ஆல்பம்

மார்ச் 3

தம்பிக்கு,

நேற்று போனைப் பாதியில் வைத்தது நான் இல்லை. உன் மாமாதான் என் கையிலிருந்து பிடுங்கி வைத்தார். "அக்காவும் தம்பியும் கத்துறது கீழ டயர் கடை வரைக்கும் கேக்குது. பஞ்சர் ஒட்ட வந்தவன் மேல எட்டிப் பாக்குறான்" என்றார். ஆகவே இனி கடிதம். நீ பாடப்போகும் அரங்குகளின் முகவரி என்னிடம் இருக்கிறது. எழுதும்போது நீ குறுக்கே பேச முடியாது, அது ஒரு வசதி.

வெள்ளிக்கிழமை காலை நம் ஆல்பம் கடைகளுக்குப் போன அன்று, நான் நம் சின்ன ரிக்கார்டு கம்பெனி அலுவலகத்தைத் திறந்து விளக்கைக்கூடப் போடவில்லை, விற்பனை ஏஜெண்டு கூப்பிட்டார். "என்னங்கம்மா, உங்க தம்பி முழு ஆல்பத்தையும் அவரு வெப்சைட்ல சும்மா போட்டுட்டாராமே. யார் வேணா எடுத்துக்கலாமாம்." நான் இல்லை என்று சாதித்தேன். பிறகு நானே போய்ப் பார்த்தேன். பத்துப் பாட்டும் இருந்தன. மேலே உன் கையெழுத்தில், 'எடுத்துக்கொள்ளுங்கள்.'

ஒப்பந்தத்தில் நீ என் பக்கத்தில் உட்கார்ந்துதான் கையெழுத்துப் போட்டாய். மூலையில் ஒரு குருவி வரைந்துகொண்டிருந்தாய், அதனால் காதில் விழாமல் போயிருக்கலாம். மறுபடி சொல்கிறேன். நம் சிடிக்களைக் கடை கடையாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரிய கம்பெனி. ஆல்பம் வந்த நான்கு வாரத்துக்குள் அது வாராவாரம் வரும் விற்பனைப் பட்டியலில் முதல் நாற்பதுக்குள் ஒரு தடவையாவது வரவேண்டும். வராவிட்டால் நம்முடைய மூன்று ஆல்பங்களின் மூலப் பதிவுகளும் அவர்களுக்குப் போய்விடும். இந்த ஒன்று மட்டும் இல்லை, மூன்றும். பிறகு அவற்றை வெளியிடுவதோ, பூட்டி வைப்பதோ, பல்பொடி விளம்பரத்துக்குக் கொடுப்பதோ அவர்கள் இஷ்டம். இதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு கடையிலும் நம் சிடி ஏறியிருக்காது.

நீ சும்மா கொடுப்பது பட்டியலில் சேராது. விலை போட்டு, கடையில், பில் மெஷினில் அடித்தால்தான் ஒன்று என்று விழும். பரீட்சை எழுதி ஒன்றும் தெரியாதவனுக்குச் சைபராவது போடுவார்கள். பரீட்சைக்கே வராதவனுக்கு அதுவும் கிடையாது. உன் இலவசம் பரீட்சைக்கே வராதவன்.

முதல் ஆல்பத்தில் என் குரலும் இருக்கிறது. நான் பாடியது அது ஒன்றுதான். இன்றைக்கே எடுத்துவிடு.

அக்கா

*

மார்ச் 6

அக்கா,

கடிதம் அரங்கத்து வாட்ச்மேன் கையில் கிடைத்தது. நாற்காலிகளை அடுக்கி வைக்கும் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்களுக்கு ஒப்பனை அறை இதுதான்.

எடுக்க மாட்டேன்.

போன வருஷம் இதே அரங்கில் பாடினேன், ஞாபகம் இருக்கிறதா? மொத்தம் பதினோரு பேர். அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள், மழை விட்டதும் போய்விட்டார்கள். நீ சொல்கிறாய், சும்மா கொடுத்தால் வாங்க மாட்டார்கள் என்று. வாங்கும் எண்ணத்தோடு யார் இருந்தார்கள்? நான் ஒருவன் இருக்கிறேன் என்றே தெரியாதவர்கள் எதை வாங்குவார்கள்? சோப்புக் கம்பெனிக்காரன் வீடு வீடாகச் சின்னப் பாக்கெட் கொடுத்துவிட்டுப் போவான். கைக்கு வாசனை ஒட்டிய பிறகுதான் கடையில் அந்தச் சோப்பைப் பேர் சொல்லிக் கேட்கிறோம்.

நேற்று இங்கே அறுபது எழுபது பேர் வந்தார்கள். மூன்றாவது பாட்டில் நான் வரியை மறந்து நின்றேன். அவர்கள் நிற்கவில்லை, பாடிக்கொண்டே போனார்கள். வந்து ஐந்து நாளான பாட்டு. எங்கிருந்து கற்றுக்கொண்டார்கள்? நீ எடுக்கச் சொல்கிற இடத்திலிருந்து. முடிந்ததும் வாசல் மேசையில் வைத்திருந்த ஒரு பெட்டி சிடியும் தீர்ந்துபோனது. நம் பெரியவர் முகத்தில்கூடச் சிரிப்பு. டிரம்ஸ் வாசிப்பவனுக்கு இருபத்தைந்து வயதில் அந்தப் பெயர் வைத்தது யாரோ, சரியாக வைத்தார்கள். "அண்ணே, மூட்டை தூக்கி முதுகு போச்சு, ஆனா காலி மூட்டை தூக்க நல்லாருக்கு" என்கிறான்.

நீ பட்டியலைப் பார்க்கிறாய், நான் முகங்களைப் பார்க்கிறேன். குருவி வரைந்தது என் தப்புதான். ஆனால் "போடுடா, ஒண்ணும் ஆகாது" என்று பேனாவைக் கையில் கொடுத்தது யார்?

தம்பி

*

மார்ச் 11

தம்பிக்கு,

முதல் வாரப் பட்டியல் வந்துவிட்டது. அறுபத்தொன்று.

பேனா கொடுத்தது நான்தான். அதற்காகத்தான் நான் தூங்காமல் இருக்கிறேன், நீ நாற்காலி அறையில் குறட்டை விடுகிறாய்.

உன் சோப்புக் கதைக்கு வருகிறேன். கம்பெனிக்காரன் கொடுப்பது சின்னப் பாக்கெட். நீ கொடுத்தது முழுச் சோப்பு. வாளித் தண்ணீரும் துண்டும்கூடக் கொடுத்துவிட்டாய். குளித்துத் தலை துவட்டியவன் கடைக்கு எதற்குப் போவான்?

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் பெரிய கடைக்காரர் இரண்டு பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். நேரில் போய்க் கேட்டேன். "கோவிச்சுக்காதீங்கம்மா. ஊரு முழுக்க சும்மா கிடைக்கிறதை நான் எதுக்கு அலமாரியில வெச்சு தூசி தட்டணும்? வர்றவன் என்னைப் பாத்துச் சிரிக்கிறான்" என்றார்.

இன்னொன்று. வாசல் மேசையில் ஒரு பெட்டி விற்றதாக எழுதியிருக்கிறாய். அந்தப் பெட்டியும் பட்டியலில் இல்லை. பட்டியல்காரர்களிடம் பதிவு செய்த கடைகளின் மெஷின் மட்டும்தான் அவர்களுக்குத் தகவல் அனுப்பும். உன் மேசை அனுப்பாது. அத்தனை பேரும் பக்கத்துத் தெருக் கடையில் வாங்கியிருந்தால் இந்த வாரம் ஐம்பதுக்குள் வந்திருப்போம்.

ஏஜெண்டு ஒரு வழி சொன்னார். "நாலு ஆளை விட்டு நாமளே வாங்க வைக்கலாம்மா. எல்லாரும் செய்யறதுதான்." வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வரும் வழியில் ஒரு கடையில் நம் சிடி ஐந்தைக் கையில் எடுத்துக்கொண்டு பில் போடும் இடம்வரை போய் நின்றேன். முன்னால் நின்றவர் நகர்ந்தார். நான் திரும்பி அலமாரியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இதை உன் மாமாவிடம்கூடச் சொல்லவில்லை.

பெரிய கம்பெனியிலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் சும்மா பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு வந்தார். டீ குடித்தார். குடிக்கும்போது கண் முழுக்க நம் மூலப் பதிவுகள் இருக்கும் அலமாரி மேல். பெண் பார்க்க வந்தவர்கள் இப்படித்தான் பார்ப்பார்கள்.

எடு.

அக்கா

*

மார்ச் 14

அக்கா,

மேசை விற்பனை சேராது என்பது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. விற்றால் விற்றதுதானே என்று நினைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து மேசையை எடுத்துவிட்டேன். கடைசிப் பாட்டுக்கு முன்னால் மேடையில் நின்று சொல்கிறேன்: "எங்ககிட்ட ஒரு சிடிகூட இல்ல. இந்தத் தெரு முனையில இருக்கிற கடையில இருக்கு." முதல் நாள் எல்லோரும் கிளம்பிப் போனார்கள். கடை பூட்டியிருந்தது. பத்து நிமிஷம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். பெரியவர் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எழுத முடியாது. மறுநாளிலிருந்து ஊருக்குள் நுழைந்ததும் முதல் வேலை, கடைக்காரரைப் பார்த்துக் கூட ஒரு மணி நேரம் திறந்து வைக்கச் சொல்வது. ஒருவர் "பாட்டு எனக்குப் பிடிச்சாத் திறந்து வெக்கிறேன்" என்றார். கடையிலேயே பாடிக் காட்டினேன். திறந்து வைத்தார்.

மேசையில் விற்றதில்தான் வேனுக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தோம். பெரியவர் அதைச் சொல்லிச் சொல்லி மாய்கிறான். "பட்டியல்ல எழுதிட்டா வண்டி ஓடுமாண்ணே?"

ஆனால் இலவசத்தை எடுக்கமாட்டேன். நேற்று மேடையிலிருந்து கேட்டேன், இணையத்தில் சும்மா எடுத்தவர்கள் கை தூக்குங்கள் என்று. முக்கால்வாசிக் கைகள் எழுந்தன. கடையில் வரிசையில் நின்றவர்களைப் பார்த்தேன், அதே முகங்கள். நூலகத்தில் எடுத்துப் படித்த புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்கிறவர்கள் இல்லையா? நீயே அப்படி எத்தனை வாங்கியிருக்கிறாய்.

தம்பி

*

மார்ச் 18

தம்பிக்கு,

ஐம்பத்திரண்டு.

எந்த ஆல்பமும் இரண்டாவது வாரம் இறங்கும். நம்முடையது ஏறியிருக்கிறது. ஏஜெண்டு இரண்டு தடவை சரிபார்த்தாராம். இதை எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். நீ சொன்னதில் பாதி சரி.

மறுபாதியையும் கேள். ஊர் ஊராகப் பிரித்து வாங்கிப் பார்த்தேன். நீ நின்று பாடிய ஊரில் எல்லாம் விற்றிருக்கிறது. நீ காலே வைக்காத ஊர்களில் முன்பதிவு செய்திருந்தவர்கள்கூட வந்து வாங்கவில்லை. அங்கேயும் இலவசம் போயிருக்கிறது, ஆனால் உன் முகம் போகவில்லை. வீட்டில் ஒரே விளக்கு இருந்தால் அது இருக்கும் அறைதான் வெளிச்சம். மற்ற அறைகளில் எண்ணெய் மட்டும் தீர்கிறது. இருக்கிற நாட்களில் எத்தனை ஊருக்கு உன்னால் போக முடியும்?

உன்னைத் தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிந்துவிட்டது. இனி கதவைச் சாத்து. வாசனை ஒட்டியாயிற்று, இனிமேல் சோப்பை விற்போம்.

நேற்று அலமாரியைத் திறந்து முதல் ஆல்பத்தைப் போட்டுக் கேட்டேன். ஐந்தாவது பாட்டில் நான் உனக்கு மேலே ஒரு சுரம் ஏறிப் பாடுகிறேன். இருமல் வந்து அடக்கிக்கொண்டது எனக்கு மட்டும் கேட்கிறது. அதை இன்னொருவர் பீரோவில் வைத்துப் பூட்டுவார் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

நான் யாரிடமும் கெஞ்சியதில்லை என்று உனக்குத் தெரியும். இப்போது கெஞ்சுகிறேன்.

அக்கா

*

மார்ச் 21

அக்கா,

நேற்று உன் கடிதம் வந்தது. படித்துவிட்டு உடனே எடுத்துவிட்டேன். பக்கத்தில் ஒரு வரி மட்டும் வைத்தேன்: 'கடைகளில் கிடைக்கும்.'

இன்று சாயங்காலம் நிகழ்ச்சிக்கு முன்னால் ஒரு நர்ஸ் வந்தார். வேலை முடிந்து உடுப்பு மாற்றாமல் வந்திருந்தார். "எங்க வார்டுல எல்லாரையும் எடுத்துக்கச் சொல்லியிருந்தேன். நேத்து எடுத்தவங்க எடுத்துட்டாங்க, இன்னிக்குப் போனா மூடியிருக்கு. நாங்க ஏதாவது தப்பு பண்ணிட்டமா?" என்று கேட்டார். நான் என்ன சொல்வேன்? இல்லைங்க, எங்க அக்கா அழுதாங்க என்றா சொல்வேன்? சிரித்து மழுப்பினேன்.

எடுத்ததில் முழுப் பயனும் கிடையாது, தெரிந்துகொள். எடுத்தவர்கள் அடுத்தவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். கொட்டிய தண்ணீரை எந்தக் கையால் அள்ளுவது?

பெரியவர் போய்விட்டான். டீசலுக்கு அவன் கைக்காசைப் போட்டிருந்தான், என்னிடம் சொல்லவில்லை. இன்று காலையில் சொன்னான், சத்தம் போட்டோம், டிரம்ஸை வேனிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டான். இனி மூன்று ஊர் பாக்கி. கிடாரோடு தனியாகப் பாடிக்கொள்வேன்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். நல்லது நடந்தால் நீ செய்தது. நடக்காவிட்டாலும் நீ செய்தது.

தம்பி

*

மார்ச் 25

தம்பிக்கு,

நாற்பத்தாறு. இன்னும் ஒரே பட்டியல்.

உன் கடைசி வரியைப் பலமுறை படித்தேன். சரி, என் தலையிலேயே இருக்கட்டும். அக்கா தலை அதற்குத்தான் இருக்கிறது.

பெரியவர் இங்கே வந்திருந்தான். திட்ட வந்தான் போலிருக்கிறது. உன் மாமா அவனை உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார். சாப்பிட்டுவிட்டு, "அண்ணன் தாளம் இல்லாமப் பாடினா ரெண்டாவது பாட்டுல ஓட ஆரம்பிச்சிடுவாரு, பிடிச்சு நிறுத்த ஆள் வேணும்" என்று எழுந்துவிட்டான். நாளைக்கு உன்னிடம் வந்து சேருவான். டீசலைப் பற்றி அவன் முன்னால் பேசாதே. நான் பார்த்துக்கொண்டேன்.

பேருந்து நிலையக் கடைக்காரர் திருப்பி அனுப்பிய இரண்டு பெட்டியையும் மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டார். நானே தூக்கிக்கொண்டு போனேன். அலமாரியில் கண் படும் உயரத்தில் வைத்தார்.

வியாழக்கிழமைதான் உன் கடைசி ஊர். அன்றைய விற்பனையோடு இந்த வாரக் கணக்கு மூடிவிடும். அந்த ஊர்க் கடைக்காரரிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்: ஒவ்வொன்றும் மெஷினில் விழவேண்டும்.

அக்கா

*

மார்ச் 29

அக்கா,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்று அரங்கு நிறைந்துவிட்டது. நின்றுகொண்டும் கேட்டார்கள். பெரியவர் முன்னெப்போதும் இல்லாதபடி வாசித்தான். முடிந்ததும் எல்லோரும் எதிர்க் கடைக்குப் போனார்கள். வரிசை நடைபாதை தாண்டிச் சாலைக்கு வந்துவிட்டது. கடைக்காரர் கணவன் மனைவி இரண்டு பேரும் நல்ல மனிதர்கள், எனக்காகவே திறந்து வைத்திருந்தார்கள்.

பாதி வரிசையில் பில் மெஷின் நின்றுவிட்டது. அவர் தட்டினார், அணைத்துப் போட்டார். வரவில்லை. வரிசை பெரிதாகிக்கொண்டிருந்தது. அந்த அம்மா ஒரு நோட்டுத் தாளைக் கிழித்துக் கையால் பில் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். "யாரையும் திருப்பி அனுப்பக் கூடாதுங்க, உங்களுக்காகத்தான்" என்றார். கையால் எழுதியது சேராது என்று அவரிடம் அன்று காலையில்தான் சொல்லியிருந்தேன். அந்த நெருக்கடியில் அவருக்கு அது மறந்துபோயிருந்தது. எனக்கு மறக்கவில்லை.

நிறுத்துங்கள், மெஷின் வரும்வரை காத்திருங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். முன்னால் ஒருவர் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் அந்த நர்ஸ், வார்டுக்காரர்கள் நாலு பேரோடு, ஊர் விட்டு ஊர் பஸ் ஏறி வந்திருந்தார். நான் சொல்லவில்லை. நீட்டிய சிடியில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

மெஷின் இன்று காலையில்தான் ஓடியது. கடைக்காரர் எழுதிய பில் அத்தனையையும் வரிசையாக அடித்துவிட்டார். ஆனால் அவை வெள்ளிக்கிழமைக் கணக்கு. ஐந்தாவது வாரம்.

தம்பி

*

ஏப்ரல் 2

தம்பிக்கு,

நாற்பத்தொன்று.

நேற்று கோட்டுக்காரர் இரண்டு ஆட்களோடு வந்தார். கையில் காலி அட்டைப்பெட்டிகள். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். முதல் ஆல்பத்தை எடுத்து, உறையைப் பார்த்து, "இதுல ஒரு பெண் குரல் வருமே, யாருங்க அது?" என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன். பெட்டியில் வைத்தார். இரண்டாவதையும் வைத்தார். ரசீது எழுதி வாங்கிக்கொண்டேன். உன் மாமா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மூன்றாவதைக் கையில் எடுத்துவிட்டுக் கேட்டார். "இதுதானே இணையத்துல சும்மா போட்டது?"

"எடுத்தாச்சு" என்றேன்.

"எடுத்து என்னங்க, எங்க ஆபீஸ் லிஃப்ட்காரன் போன்லயே இருக்கு. இதை நாங்க யாருக்கு விக்கிறது?" யாருக்கோ போன் செய்தார். பிறகு பேனாவை எடுத்து, ஒப்பந்தத்தில் மூன்றாவது பெயர் மேல் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் 'விற்பனை மதிப்பில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பதிவை என் மேசையில் திருப்பி வைத்துவிட்டு, "இது உங்களுக்கே இருக்கட்டும்" என்றார். பிச்சை போடுகிற தொனி அதில் இல்லை. குப்பையை நம் வாசலில் விட்டுப்போகிற தொனி.

நீ சும்மா கொடுக்காமல் இருந்திருந்தால் நாற்பதுக்குள் வந்திருப்போமா? அல்லது நூறுக்குள்கூட வராமல் மூன்றும் போயிருக்குமா? நீ கதவைச் சாத்திய பிறகு, நீ போகாத ஊர்களில் விற்பனை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இந்தப் பக்கத்திலிருந்து போட்டுப் பார்க்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து போட்டுப் பார்க்கிறேன், விடை வரவில்லை. பத்திரமாகப் பூட்டி வைத்த இரண்டும் போய்விட்டன. நீ வாரி இறைத்தது மட்டும் வீட்டில் இருக்கிறது. இதற்கு உன்னைத் திட்டுவதா, என்னைத் திட்டுவதா என்று தெரியவில்லை.

வரிசையை நீ நிறுத்தாதது எனக்கு ஆறவில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் நிறுத்தியிருக்கமாட்டேன் என்பது அதைவிட ஆறவில்லை.

அக்கா

*

ஏப்ரல் 6

அக்கா,

மன்னிப்புக் கேட்டால் நீ கிழித்துப் போடுவாய். கேட்கவில்லை.

தெரிந்த வக்கீல் ஒருவரிடம் நீ அனுப்பிய ரசீதையும் ஒப்பந்த நகலையும் காட்டினேன். பதிவு அவர்களுடையது. நாம் அதை விற்கக் கூடாது, படி எடுக்கக் கூடாது, சில வருஷத்துக்குத் திரும்பப் பதிவு செய்யவும் கூடாது. "பாடலாமா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தார். "பாடுறதை யாரும் எழுதி வாங்கலியேப்பா" என்றார்.

கடைசியாகப் பாடிய அரங்கில் மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள், இந்த மாதம் இருபதாம் தேதி. ஐந்தாவது பாட்டைக் கேட்கிறார்கள். தனியாகப் பாடிப் பார்த்தேன், ஒற்றைச் செருப்போடு நடக்கிற மாதிரி இருக்கிறது. உன் பகுதியைப் பெரியவர் பாடிக் காட்டினான். வேன் மெக்கானிக் அடியிலிருந்து வெளியே வந்து, "எங்கயோ பெல்ட் உரசுது" என்றான்.

அவர்கள் எடுத்துக்கொண்டு போனது அன்றைக்கு நீ பாடியதை. இன்றைக்கு நீ பாடுவதை இல்லை. வருவாயா?

தம்பி

*

ஏப்ரல் 9

தம்பிக்கு,

மேடை ஏறி எத்தனை வருஷம் ஆகிறது என்று நீ யோசித்திருக்க மாட்டாய். மாடியில் பாடிப் பார்த்தேன். அந்த மேல் சுரம் வரவில்லை. சுருதியை அரைக் கட்டை இறக்கிப் பாடினால் வருகிறது. உன் மாமா படியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, டயர் கடைக்காரரிடம் போய் இருபதாம் தேதி கடைக்கு லீவு விடச் சொல்லிவிட்டு வந்தார். "அவருக்கு எதுக்கு லீவு?" என்று கேட்டேன். "அவரும் வர்றாராம்" என்றார்.

மூன்றாவது ஆல்பத்தைத் திரும்பத் திறந்துவிடு. அந்த நர்ஸ் சொல்லிவைத்தவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். வாசலில் மேசையைப் போடு, சிடிப் பெட்டியோடு நான் வருகிறேன். வேண்டுகிறவர்கள் வாங்கட்டும். யார் எண்ணினாலும் எண்ணாவிட்டாலும் இனி நமக்கு ஒன்றுமில்லை.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. என் மைக்கை உன் பக்கத்தில் வைக்காமல் சற்றுத் தள்ளியே வை. ஐந்தாவது பாட்டை அரைக் கட்டை இறக்கி எடு. சரணத்தில் நீ எப்போதும் அவசரப்படுவாய். நான் மூச்சு வாங்கி முடிக்கும்வரை நில்.

அக்கா